சம்பந்தம் உள்ளவர்கள் வெளியே போகலாம்

டெஸ்னி ஸ்வான்சி நகரத்தில் அப்பாவோடு இருக்கிறாள் என்றுதான் பள்ளத்தாக்கு ஊரான கும்தாரனில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா டெலித் சொன்ன பொய் அது. ரொட்டிக் கடையில் விசாரித்தவர்களிடம் சொன்னாள், தேவாலய வாசலில் சொன்னாள், தான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தவர்களிடமும் சொன்னாள். சொல்லிச் சொல்லி, அந்த ஸ்வான்சிப் பள்ளிக்கூடத்துச் சீருடை என்ன நிறம் என்றுகூட அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது.

உண்மை வேறு. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் பஸ்கள் எல்லாம் சரிவில் இறங்கி மறைந்த பிறகு, மேல்சட்டையின் தலைமூடியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, குப்பைத் தொட்டிகள் நிற்கும் பின்சந்து வழியாக டெஸ்னி ஊர் நூலகத்துக்குப் போவாள். முன்வாசல் வேண்டாம், பக்கக் கதவு. அதற்குள் நேராக மாடிப்படி. மாடியில் ஒரே ஒரு அறை. அந்த அறையில் பெத்தன் டீச்சரும், பள்ளிக்கூடம் என்ற பேரைக் கேட்டாலே உடம்பு நடுங்குகிற சில பிள்ளைகளும்.

டெஸ்னிக்கு அந்த நடுக்கம் எப்படி வந்தது என்று ஊருக்கே தெரியும். பெரிய பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் அவளுக்கு ஒருநாள் மூச்சு முட்டியது. சுவரோரம் சுருண்டு கிடந்தவளை யாரோ ஒருத்தி போனில் படம் பிடித்தாள். சாயங்காலத்துக்குள் அது பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிலர் பாவம் என்றார்கள். டெஸ்னிக்கு இரண்டும் ஒன்றுதான். அன்றைக்குத் தன் அறைக்குள் போனவள், ஏறக்குறைய ஒரு வருஷம் வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டை டெலித் கதவுக்கு வெளியே வைப்பாள். சில நாள் தட்டு காலியாக இருக்கும். பல நாள் வைத்தபடியே இருக்கும்.

நூலகத்து மாடி அறைதான் அந்தக் கதவைத் திறந்தது. முதல் மாதம் டெஸ்னி அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. பிறகு பெத்தன் டீச்சர் அவளைக் கீழே அழைத்துப் போய், பெரிய எழுத்துப் புத்தகங்கள் இருக்கும் அலமாரியை அடுக்கும் வேலையைக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த டெலித்தின் பின்னால் வந்து நின்றுகொண்டு டெஸ்னி சொன்னாள்:

"அந்த வேல நல்லாருக்கும்மா. அந்தப் புக்கெல்லாம் எடுக்க வர்றவங்க யாரும் என்ன உத்துப் பாக்கறதில்ல. பாவம், அவங்களுக்குக் கண்ணே தெரியாது."

ஒரு வருஷத்துக்குப் பிறகு மகள் அடித்த முதல் ஜோக். டெலித் திரும்பாமலே சிரித்தாள், சோப்பு நுரைக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த அறைக்குப் போக டெஸ்னி போட்ட நிபந்தனை ஒன்றுதான். "நான் அங்க போறது யாருக்கும் தெரியக் கூடாது. யாருக்குமே. சத்தியம் பண்ணு." டெலித் சத்தியம் பண்ணினாள்.

இப்போது கவுன்சில் அந்த நூலகத்தை மூடுவதாக முடிவு செய்திருந்தது.

*

முடிவு எடுத்தது கவுன்சிலின் நிர்வாகக் குழு. அதில் கல்விக்கும் பண்பாட்டுக்கும் பொறுப்பு காரிஸ் ஹெய்ன்ஸ். அவர்கள் எடுக்கும் முடிவுகளை நோட்டம் பார்க்கத்தான் கண்காணிப்புக் குழு. டெலித் அதில் பெற்றோர் பிரதிநிதி. டெஸ்னி பெரிய பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் தேர்தலில் நின்று வந்தவள். மகள் ஸ்வான்சிக்குப் போய்விட்டால் இவளுக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. ஒருமுறை தேர்ந்தெடுத்தால் நாலு வருஷம், அவ்வளவுதான்.

கண்காணிப்புக் குழுவுக்குப் பல் கிடையாது என்று பத்திரிகைக்காரர்கள் கேலி செய்வார்கள். நிர்வாகக் குழுவின் முடிவை அது ரத்து செய்ய முடியாது. "இன்னொரு தடவை யோசியுங்கள்" என்று திருப்பி அனுப்ப மட்டும் முடியும். ஆனால் திருப்பி அனுப்பினால் அதுவரை எதையும் மூட முடியாது, திறந்த கூட்டத்தில் மறுபடி பேசியாக வேண்டும். அந்த அவகாசத்தில் எத்தனையோ நடக்கலாம். எதிர்க்கட்சிக்காரர்கள் நூலக விஷயத்தைக் குழுவுக்கு இழுத்திருந்தது அதற்காகத்தான்.

டெலித்துக்கு இருந்த சிக்கல் வேறு. அவளும் இரண்டு தேவாலயப் பிரதிநிதிகளும் கவுன்சிலர்கள் அல்ல, வெளியாட்கள். கல்வி விஷயம் என்றால் வெளியாட்களுக்கும் ஓட்டு உண்டு. நூலகம், அருங்காட்சியகம், நாடகக் கொட்டகை என்று வந்தால் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. "பள்ளிக்கூடம்னா கை, புத்தகம்னா வாய் மட்டும்" என்பார் தலைவர் மோஸ்டின் பெடோ. எழுபதைத் தாண்டிய மனிதர். கூட்டத்தில் பாதி நேரம் கண்ணை மூடியிருப்பார், தூங்குகிறார் என்று நினைத்து யாராவது தப்பாகப் பேசினால் மட்டும் திறப்பார்.

நூலகத்தை மூடும் அறிக்கை பண்பாட்டுத் தலைப்பின் கீழ்தான் வந்திருந்தது. மாடி அறையைப் பற்றி அதில் ஒரே வரி. முதல் மாடியில் இருப்பவர்கள் மாற்று இடத்துக்கு அனுப்பப்படுவார்கள். மாற்று இடம் எது என்று டெலித் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். பெரிய பள்ளிக்கூடத்தில், கழிப்பறைகளைத் தாண்டி, கடைசியில் ஒரு அறை.

கூட்டத்துக்கு முன்னால் உறுப்பினர்கள் மட்டும் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே யார் எந்தக் கேள்வி கேட்பது என்று பிரித்துக்கொள்வது அந்தக் குழுவின் வழக்கம். தட்டில் உலர்திராட்சை போட்ட கேக்குகள் இருந்தன. டெலித்துக்கு வந்து சேர்ந்தது, பதிலுக்கு விடப்போகும் நடமாடும் நூலக வண்டி எந்தக் கிழமை வரும் என்ற கேள்வி.

"தலைவரே, நான் வேற ஒண்ணு கேக்கலாமா? முதல் மாடியில இருப்பவர்கள்னு போட்டிருக்கே, அது யாரு?"

மோஸ்டின் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "யாரோ வாடகைக்கு இருக்காங்க போல."

"பிள்ளைங்க. நம்ம கவுன்சிலோட பிள்ளைங்க. கல்வித் துறை சம்பளம் குடுக்குற டீச்சர் பாடம் நடத்துறாங்க. அப்ப இது கல்வி விஷயம் இல்லையா?"

அறை ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தியது. தேவாலயப் பிரதிநிதிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்கள். வெளியாட்களும் ஓட்டுப் போட்டால், ஒரே ஒரு ஓட்டில் ஜெயிக்கலாம். குழுவின் செயலாளன் இயஸ்டினைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவன் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, டெலித் சொல்வது சரிதான், மாடி அறையால் இது கல்வி விஷயமாகவும் ஆகிறது, வெளியாட்களுக்கும் ஓட்டு உண்டு என்றான்.

டெலித்தின் தெருவிலேயே குடியிருக்கும் ஆளுங்கட்சி கவுன்சிலர் டில்வின் அவள் பக்கம் சாய்ந்து, "நீ கண்ணாடி விக்கப் போயிருக்கக் கூடாது, கண்ணு. வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார்.

டெலித் சிரித்தாள். தேநீர்க் குவளையை வாய்க்குக் கொண்டுபோனபோதுதான் அவளுக்கு வேறொன்று உறைத்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

*

நடைக்கூடத்தில் இயஸ்டினைத் தனியாகப் பிடித்தாள்.

"சும்மா ஒரு சந்தேகம். ஒரு உறுப்பினரோட பிள்ள அந்த மாதிரி இடத்துல படிச்சா என்ன பண்ணணும்?"

இயஸ்டின் பொறுமைசாலி. எந்தக் கேள்விக்கும் முகம் மாறாதவன். பொதுவாகப் பள்ளிக்கூடங்களைப் பற்றிய பேச்சு என்றால் பெற்றோர் உட்காரலாம், அதற்காகத்தானே அவர்களை வைத்திருக்கிறோம் என்றான். ஆனால் தன் பிள்ளை படிக்கிற அந்த ஒரே இடத்தைப் பற்றிய முடிவு என்றால் அது சொந்த சம்பந்தம். கூட்டம் தொடங்கும்போதே சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும்.

"ஒரு வார்த்த பேசக்கூட முடியாதா?"

"பேசலாம். ஊர் ஜனங்க உக்கார்ற நாற்காலிக்குப் போயி, பேரச் சொல்லி, என்ன சம்பந்தம்னு சொல்லிட்டுப் பேசலாம். பேசி முடிச்சதும் வெளிய. ஓட்டு கிடையாது." பேனாவின் மூடியைத் திருகித் திறந்தான், மறுபடி மூடினான். "அப்படி யாராவது இருக்காங்களா, டெலித்?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

"கேட்டது நல்லதுதான்" என்றான் இயஸ்டின். அதற்கு மேல் அவளைப் பார்க்கவில்லை.

டெலித் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். பொறியைத் தானே செய்து தானே அதற்குள் காலை வைத்திருந்தாள். வெறும் நூலகம் என்று விட்டிருந்தால் அவளுக்கு ஓட்டு இல்லை, சம்பந்தமும் இல்லை. பிள்ளைகள் விஷயம் என்று வாதாடி ஓட்டை வாங்கினாள். அதே வாதம்தான் இப்போது அவளை எழுந்து போகச் சொல்கிறது.

எழுந்து போனால் ஒரு ஓட்டு போய்விடும். அந்த ஒரு ஓட்டுதான் எல்லாமே. எழுந்து போகும் காரணத்தை வேறு மைக்கில் சொல்ல வேண்டும். கூட்டம் முழுவதையும் கேமரா வலைத்தளத்தில் காட்டிக்கொண்டிருக்கும். "என் மகள் டெஸ்னி அங்கே படிக்கிறாள்." சாயங்காலத்துக்குள் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றும், அந்தப் பழைய படம் சுற்றியதைப் போலவே.

சத்தியம் பண்ணியிருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. ஓட்டை விட மனசில்லை என்பது மீதி.

*

"இன்னிக்குப் பேசப்போற விஷயத்துல யாருக்காவது சொந்த சம்பந்தம் உண்டா?" என்று கண்ணை மூடியபடியே கேட்டார் மோஸ்டின். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் கேள்வி அதுதான்.

டில்வின் கையைத் தூக்கினார். தன் மனைவி அந்த நூலகத்தில் உறுப்பினர், அது சம்பந்தமாகுமா என்று கேட்டார். எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளா என்று கேட்டார் மோஸ்டின். அவள் எதைத் திருப்பிக் கொடுத்தாள், அவளைக் கட்டிய நாள் முதல் தான் எதையும் திரும்பப் பார்த்ததில்லை என்றார் டில்வின். எல்லோரும் சிரித்தார்கள். இயஸ்டின், அதற்காக வெளியே போகத் தேவையில்லை என்று குறித்துக்கொண்டான்.

"வேற யாராவது?"

டெலித் தன் முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோஸ்டின் ஒரு கண்ணைத் திறந்து மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மூடிக்கொண்டார். கூட்டம் நகர்ந்தது.

காரிஸ் ஹெய்ன்ஸ் பேசினாள். அவள் கெட்டவள் இல்லை. நூலகத்தை மூடுவது தனக்குச் சந்தோஷமா என்று கேட்டாள். நாலு பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது, முதியோருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோக வண்டி இல்லை. இதை மூட வேண்டாம் என்றால் வேறு எதை மூடுவது என்று குழுவே சொல்லட்டும் என்றாள். யாரும் சொல்லவில்லை.

டெலித்தின் முறை வந்தது. வண்டிக் கேள்வியை அவள் கேட்கவில்லை. முன்வாசல் வழியாக வர முடியாத பிள்ளைகளுக்கு ஒரு பக்கக் கதவு வேண்டும் என்றாள். ஒரு பிள்ளை அங்கே வந்து ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை, பெரிய எழுத்துப் புத்தகங்களை அடுக்கக் கொடுத்த பிறகுதான் பேச ஆரம்பித்தது என்றாள். எந்த இடத்திலிருந்து தப்பி வந்தார்களோ அந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவது மாற்று இடம் ஆகாது என்றாள்.

"நீங்க நேர்ல போய்ப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள் காரிஸ். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"போயிருக்கேன்."

டில்வின் மேசையில் விரலைத் தட்டிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது அறிக்கைகளில் வருகிற ஏதோ ஒரு பிள்ளையின் கதை. அப்படிப்பட்ட கதைகளை அவர் எத்தனையோ கேட்டிருக்கிறார்.

கை தூக்கச் சொன்னார்கள். இந்தக் குழுவில் கட்சிக் கட்டளை கிடையாது என்பது விதி. ஆளுங்கட்சிக்காரர்கள் ஒருமுறை காரிஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். டில்வினும் பார்த்தார். திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஏழு கைகள். வேண்டாம் என்று ஆறு. ஏழில் ஒன்று டெலித்துடையது.

*

வீட்டுக்கு வந்தபோது டெஸ்னி மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தன் அறையில் இல்லை, கூடத்தில். முழுக் கூட்டத்தையும் பார்த்திருந்தாள்.

"பெரிய எழுத்துப் புக்கு. அது நான்தானே?"

"பேரு சொல்லலடி. ஊரு சொல்லல. ஒண்ணுமே சொல்லல."

"தெரியும்." டெஸ்னி திரையைப் பார்த்தாள். அங்கே டெலித்தின் முகம் வாய் திறந்தபடி நின்றிருந்தது. "நீ பேசினா யாரோ ஒரு பிள்ளன்னு இருக்கும்மா. அந்தப் பிள்ளையே வந்து பேசினா எப்படி இருக்கும்?"

"நீ ஒண்ணும் பேச வேண்டாம். ஜெயிச்சாச்சு."

"ஜெயிக்கல. திருப்பித்தான அனுப்பியிருக்கீங்க" என்றாள் டெஸ்னி. விதிகள் அவளுக்குச் சரியாகத்தான் புரிந்திருந்தன. ஒரு விதியைத் தவிர. அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

டெலித் அந்தப் பேச்சை அதோடு மறந்துவிட்டாள். ஜெயித்த மயக்கம். டெஸ்னி மறக்கவில்லை. மறுநாள் மாடி அறையில் பெத்தன் டீச்சரிடம் போய், நிர்வாகக் குழு மறுபடி கூடும் நாளில் தான் பேச வேண்டும் என்றாள். பெத்தன் டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளில் யாரும் இதுவரை ஒரு கடைக்காரரிடம்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை. பேரைப் பதிவு செய்து கொடுத்தாள். அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், அங்கே பார்த்ததும் ஆச்சரியப்படட்டும் என்று டெஸ்னி கேட்டுக்கொண்டாள்.

*

நிர்வாகக் குழு கூடிய அன்று டெலித் ஊர் ஜனங்களுக்கான வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். டில்வினும் வந்திருந்தார். இயஸ்டின் சுவரோரம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். கவுன்சிலின் சட்ட அதிகாரியம்மா காரிஸுக்குப் பக்கத்தில். முன்னால் கிடந்த காகிதங்களைப் புரட்டிய காரிஸின் முகத்தில் அன்று அவ்வளவு இறுக்கம் இல்லை. மூடுவதைத் தள்ளிப் போடுவார்கள் போலிருக்கிறது என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"பொதுமக்கள் தரப்பில் ஒருவர் பேசப் பதிவு செய்திருக்கிறார்" என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

பக்கக் கதவு திறந்தது. பெத்தன் டீச்சர் முன்னால் வந்தாள். அவள் பின்னால் டெஸ்னி. தலைமூடியை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. முடியை வாரிக் கட்டியிருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன.

டெலித் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

மைக்குக்கு முன்னால் டெஸ்னி நின்றாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. நாற்காலிகள் கிரீச்சிட்டன. பிறகு வந்தது.

"என் பேரு டெஸ்னி புரோபர்ட். கும்தாரன்." மூச்சை இழுத்தாள். "நான் ஸ்வான்சியில இருக்கறதா எல்லாருக்கும் சொல்லியிருந்தோம். நான் ஸ்வான்சிக்குப் போனதே இல்ல. இந்த ஊர்லதான் இருக்கேன். நூலகத்து மாடியில படிக்கிறேன்."

சிரித்தவர்கள் யாரும் இல்லை. காரிஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

அப்போதுகூட டெலித் எழுந்து, "இவள் என் மகள், இவளுக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லி அழைத்துப் போயிருக்கலாம். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் டெஸ்னியின் கைகளைப் பார்த்தாள். மைக்கின் தண்டைப் பிடித்திருந்த கைகள் முதலில் நடுங்கின, இப்போது நடுங்கவில்லை. அந்தக் கைகளைப் பிடித்து வெளியே இழுக்க அவளால் முடியவில்லை. உட்கார்ந்தே இருந்தாள்.

பெரிய பள்ளிக்கூடத்து அறைக்குப் போக வேண்டுமென்றால் எந்தக் கழிப்பறையைத் தாண்டிப் போக வேண்டும் என்று டெஸ்னி சொன்னாள். அங்கே என்ன நடந்தது, யார் யார் அந்தப் படத்தைப் பார்த்தார்கள் என்று சொன்னாள். தன் அறைக்குள்ளேயே இருந்த அந்த வருஷத்தைப் பற்றிச் சொன்னாள். கடைசியில் வரிசையைத் தேடிப் பார்த்தாள். அம்மாவைக் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்தது.

"அன்னிக்கு உங்க குழுவுல எங்க அம்மா பேசினாங்க. பெரிய எழுத்துப் புக்கு அடுக்கின பிள்ளன்னு சொன்னாங்கல்ல, அது நான்தான். அவங்க ஓட்டாலதான் இது இங்க திரும்பி வந்துச்சு."

கைதட்டல் எழுந்தது. கவுன்சில் கட்டடத்தில் கைதட்டக் கூடாது என்று விதி இருக்கிறது, யாரும் தடுக்கவில்லை. தட்டாமல் இருந்தவர்கள் மூன்றே பேர். டெலித், சட்ட அதிகாரி, பேனாவைப் பிடித்தபடி அசையாமல் நின்ற இயஸ்டின்.

சட்ட அதிகாரி காரிஸின் காதில் ஏதோ சொன்னாள். காரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன என்று மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னபோது அவள் முகம் மாறியது. கொஞ்ச நேரம் இடைவேளை என்று அறிவித்தார்கள்.

இயஸ்டின் டெலித்திடம் வந்தான். "அன்னிக்கு நடைக்கூடத்துல கேட்டீங்களே" என்றான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. டெலித் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

கூட்டம் மறுபடி தொடங்கியதும் சட்ட அதிகாரி எழுந்து ஒரு தாளைப் பார்த்துப் படித்தாள். கண்காணிப்புக் குழுவில் சொந்த சம்பந்தம் உள்ள ஒருவர் அதைச் சொல்லாமல் ஓட்டுப் போட்டிருக்கிறார். அந்த ஓட்டு செல்லாது. அது இல்லையென்றால் இரு பக்கமும் சமம். சமம் என்றால் இருந்தது இருந்தபடியே என்பது குழுவின் வழக்கம். ஆகவே முடிவு திருப்பி அனுப்பப்படவே இல்லை. திருப்பி அனுப்பப்படாத ஒன்றை நிர்வாகக் குழு மறுபடி எடுத்துப் பேச முடியாது. முதல் முடிவு அமலில் இருக்கிறது.

"பேசியவருக்கு நன்றி" என்றார் கூட்டத்தை நடத்தியவர். அதுவும் வழக்கம்தான்.

டெஸ்னி பெத்தன் டீச்சரைப் பார்த்தாள். டீச்சரின் கை வாயைப் பொத்தியிருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

வாசலில் டில்வின் டெலித்தை மறித்தார். அவருக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

"அந்தப் பிள்ள டெஸ்னின்னு ஏன் சொல்லல? எங்க வீட்டுப் பின்கட்டுல கோழிக்குஞ்சத் துரத்திட்டுத் திரிஞ்ச பிள்ள. நீ நாற்காலிய விட்டு எந்திரிச்சு, ஊர் ஜனங்க நாற்காலியில இருந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கையத் தூக்கியிருப்பேன். காரிஸ் எப்படிப் பாத்தாலும் தூக்கியிருப்பேன்."

அவர் சொன்னது உண்மைதான் என்று அவருடைய முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

டெஸ்னி டெலித்தோடு காரில் கிளம்பினாள். மழை தூறியது. கும்தாரனுக்குத் திரும்பும் வளைவில் கேட்டாள்:

"நான் பேசினதாலயா?"

"இல்ல. நான் பேசாததால."

"நான் இன்னிக்கு வராம இருந்திருந்தா?"

இல்லை, அப்போதும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். பொய் சொல்வது டெலித்துக்குப் புதிதல்ல. அந்த ஒரு தடவை மட்டும் நாக்கு எழவில்லை. கண்ணாடித் துடைப்பான் இரண்டு முறை போய் வந்தது. அதற்குப் பிறகு சொன்ன எதையும் டெஸ்னி கேட்டுக்கொள்ளவில்லை. முடியை அவிழ்த்துவிட்டுத் தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

*

நூலகத்தை மூடிய அன்று பெத்தன் டீச்சர் மாடி அறையிலிருந்த மேசைகளைப் பக்கக் கதவு வழியாக இறக்கினாள். பெரிய எழுத்துப் புத்தகங்களை நடமாடும் வண்டிக்கு ஏற்றினார்கள். பெரிய பள்ளிக்கூடத்தின் கடைசி அறை தயாராக இருப்பதாகத் தகவல் வந்தது. டெஸ்னி அங்கே போகவில்லை.

டெலித்தின் மேல் ஒழுங்கு விசாரணை நடந்தது. அதே கட்டடம், அதே மேசை. விசாரிப்பவர்களில் மோஸ்டினும் டில்வினும் இருந்தார்கள்.

"தொடங்கறதுக்கு முன்னால, யாருக்காவது சொந்த சம்பந்தம் உண்டா?" என்று கேட்டான் இயஸ்டின்.

மோஸ்டின் இரண்டு கண்களையும் திறந்தபடி எழுந்தார். டெலித் தன் குழுவில் இருந்தவள், தன்னால் நியாயமாகப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே போனார். டில்வின் எழுந்தார். அவள் அண்டை வீட்டுக்காரி, அவள் பிள்ளையைத் தனக்குத் தெரியும் என்றார். போகும்போது டெலித்தின் தோளைத் தொட வந்த கை, விதி ஞாபகம் வந்ததுபோல் பாதியில் நின்றது. கதவு சாத்தப்பட்டது. விசாரிக்க மிச்சம் இருந்தவர்களில் ஒருவரைக்கூட டெலித் முன்னே பின்னே பார்த்ததில்லை. மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கை மசித்து, பன்றிக்கறிச் சாஸேஜைப் பொரித்து, டெஸ்னிக்குப் பிடித்தமாதிரி வெங்காயக் குழம்பைத் தனியாக ஓரத்தில் ஊற்றி மாடிக்கு எடுத்துப் போனாள். கதவுக்கு வெளியே மத்தியானத் தட்டு அப்படியே இருந்தது.

"டெஸ்னி" என்றாள். "என்னக் குழுவுலேர்ந்து எடுத்துட்டாங்க."

உள்ளே கட்டில் லேசாக முனகியது. வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது. பல நாட்களுக்குப் பிறகு வந்த குரல்.

"உனக்காக யாராவது பேசினாங்களா?"

"இல்லடி. தெரிஞ்சவங்க எல்லாம் வெளிய போயிட்டாங்க."

டெலித் காத்திருந்தாள். சூடான தட்டைக் கீழே வைத்து, ஆறிப்போன தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

காலையில் வந்து பார்த்தபோது தட்டு வைத்தபடியே இருந்தது.